பால் கணக்கு நோட்டில் அப்பாவின் எடை

டப்பாவைத் திறந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார் அப்பா. எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. அதில் ஒன்று மேசை விளிம்பு வரை உருண்டு போனதை அம்மா ஓடிவந்து பிடித்தாள்.

"மக்ளே, இத்தனையும் ஒரே வயித்துக்குள்ள தானே போவுது. உள்ள போய் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாதா?"

அப்போது நான் சென்னையில் ஒரு மருந்துச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தேன். அப்பா கேட்ட அந்தச் சண்டையை அளப்பதுதான் என் வேலையே. நான்கு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் பதில் சட்டென்று வாயில் வரவில்லை. "அதெல்லாம் பாத்துதான் தருவாங்கப்பா" என்று ஒப்பேற்றிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா கீரிப்பாறைப் பக்கம் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவார். சுகர் வந்து பதினாலு வருடம் இருக்கும். ஓய்வு பெற்ற மறு வருடம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, ஸ்டென்ட். எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் பம்பிங் 32 சதவீதம். ஆரோக்கியமான ஆளுக்கு 55-க்கு மேல் இருக்க வேண்டியது. இதயச் செயலிழப்பு என்று மருத்துவப் புத்தகம் சொல்லும். எங்கள் ஊரில் 'ஹார்ட்டுக்கு பம்பிங் கம்மி' என்பார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். செயலிழப்பு என்றால் நின்றே போய்விட்ட மாதிரி ஒலிக்கிறது. நிற்கவில்லை, தளர்ந்து ஓடுகிறது.

சண்டையை எப்படி அளப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எலிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆட்கள்தான். பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள், எந்த நோயும் இல்லாத, ஒப்புதல் கையெழுத்துப் போட்ட இரண்டு டஜன் பேர். முந்தின நாள் சாயங்காலமே வந்து படுத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மணி நேரம் பட்டினி. காலையில் 240 மில்லி தண்ணீரோடு மாத்திரை. விழுங்கினாரா, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்போம். கையில் ஊசி மாட்டியே இருக்கும். முதலில் கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒருமுறை ரத்தம், பிறகு மணிக்கொருமுறை, பிறகு மறுநாள். எடுத்த ரத்தத்தைச் சுழற்றித் தெளிவைப் பிரித்து உறைய வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கருவியில் ஏற்றி மருந்து எத்தனை நானோகிராம் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

முதல் சுற்றில் ஒரு மருந்து தனியாக. அது உடம்பை விட்டு முழுக்கப் போகும்வரை இடைவெளி. அடுத்த சுற்றில் இன்னொரு மருந்து தனியாக. மூன்றாவது சுற்றில் இரண்டும் சேர்த்து. அதே ஆள், அதே உடம்பு. அதனால் வித்தியாசம் தெரிந்தால் அது சேர்க்கையால் வந்தது என்று சொல்ல முடியும்.

வளைகோடு வரைந்து இரண்டு எண்களைப் பார்ப்போம். மருந்து ரத்தத்தில் ஏறிய உச்சம் ஒன்று, வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு இன்னொன்று. இதை அப்பாவுக்கு விளக்கப் பேச்சிப்பாறை அணைதான் உதவியது. மழைக்காலத்தில் எல்லோரும் கேட்பது 48 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று. அது உச்சம். ஆனால் வயல்காரனுக்கு அது மட்டும் போதாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் மொத்தமாக எவ்வளவு தண்ணீர் கால்வாயில் வந்தது என்று தெரிய வேண்டும். அது பரப்பு.

இரண்டாவது மருந்து சேர்ந்த பிறகு இந்த எண்கள் தனியாகக் கொடுத்தபோது இருந்ததில் 80-லிருந்து 125 சதவீதத்துக்குள் நின்றால் 'பாதிப்பில்லை' என்று எழுதிவிடலாம். ஏன் 80-க்கு 120 இல்லாமல் 125 என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் கேட்பார்கள். நூறை எண்பதாக்குவதும் எண்பதை நூறாக்குவதும் பெருக்கல் கணக்கில் ஒரே தூரம். நூறை எண்பதால் வகுத்துப் பாருங்கள், 1.25.

இந்த இரண்டு எண்களையும் நான் பெரிதாக நம்பினேன். லீவு முடிந்து சென்னை போனதும் அப்பாவின் ஒன்பது மாத்திரைக்கும் உரிய மருந்துக் குறிப்புகளைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுகருக்கான மெட்ஃபார்மினும் நீர் பிரிய வைக்கும் ஃபுரோசெமைடும், அதாவது கடையில் லாசிக்ஸ் என்று கேட்டு வாங்குவார்களே அது, சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மெட்ஃபார்மினின் உச்சம் 22 சதவீதம் ஏறியது, பரப்பு 15 சதவீதம். மறுபக்கம் ஃபுரோசெமைடின் உச்சம் 31 சதவீதம் இறங்கியது, பரப்பு 12 சதவீதம். மெட்ஃபார்மினைக் கல்லீரல் உடைப்பதில்லை. போட்டது போட்டபடி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அந்த வாசலில் கூட்டம் கூடினால் அதன் அளவு மாறும்.

நல்ல வேளை, பெரிய சண்டை எதுவும் இல்லை என்று அன்றிரவே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி மக்ளே" என்றார். அந்தச் சமயத்தில் அவருடைய இரண்டு காலும் கணுக்காலுக்கு மேல் வீங்கியிருந்தன. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஊருக்கு வந்தேன். அப்பா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துத் தூங்கியிருக்கிறார். மலையில் ஏறி இறங்கிய காலுக்கு இதெல்லாம் வரும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். லாசிக்ஸ் ஒழுங்காகப் போகிறது. பின் ஏன் நீர் சேர்கிறது?

டப்பாவை மறுபடியும் கவிழ்த்தேன். இந்தமுறை மாத்திரைகளை விட்டுவிட்டு அட்டைகளைத் திருப்பிப் படித்தேன். சுகர் மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் பிராண்ட் பெயர், பக்கத்தில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். பொடி எழுத்தில் மூன்று மருந்து: கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன். ஒரே மாத்திரையில் மூன்று. அந்த ஒன்பதை நான் ஒன்பதாகவே எண்ணியிருந்தேன்.

பயோகிளிட்டசோன் சர்க்கரையை நன்றாகவே குறைக்கும். கூடவே சிறுநீரகம் வெளியே விட வேண்டிய உப்பைத் திரும்ப உள்ளே இழுக்க வைக்கும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். தளர்ந்த இதயத்துக்கு அந்தத் தண்ணீர் சுமை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்று 2007 முதல் அமெரிக்காவில் இந்த மருந்துக் குறிப்பின் தலையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2013 ஜூனில் பயோகிளிட்டசோனைத் தடை செய்தார்கள், ஜூலை கடைசியில் எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தார்கள். ஆனால் அந்தத் தடைக்குக் காரணம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய சந்தேகம். இதயத்தைக் காரணம் காட்டித் தடையானது அதன் அண்ணன் ரோசிகிளிட்டசோன். அது 2010-லேயே இங்கே தடை ஆகிவிட்டது.

சீட்டு எழுதியவர் இரண்டு பேர். சுகர் பார்த்தவர் பல வருடத்துக்கு முன்னால் எழுதியது, அப்போது இதயத்தில் கோளாறு இல்லை, அவர் எழுதியதில் தப்பில்லை. இதயம் பார்த்தவர் 'சுகர் மாத்திரை பழையபடி' என்று ஒரு வரி போட்டிருந்தார். இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க வேண்டிய மூன்றாவது ஆள் நான். ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. பயோகிளிட்டசோனையும் ஃபுரோசெமைடையும் எங்கள் கூடத்தில் இரண்டு டஜன் இளைஞர்களுக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தால், இரண்டு எண்ணும் 80-க்கும் 125-க்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கக்கூடும். ரத்தத்தில் அவை ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லை. ஒன்று உப்பை உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே தள்ளுகிறது. சண்டை நடக்கும் இடம் சிறுநீரகம், அடி விழும் இடம் இதயம். நாங்கள் ரத்தக் குழாயில் ஆளை நிறுத்திக் காவல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது போக, வந்து படுத்த பையன்கள் எல்லோருக்கும் பம்பிங் நன்றாக இருந்தது. அப்பாவுக்கு நீர் கோர்க்கும்போது குடலும் வீங்கிவிடும், லாசிக்ஸ் மாத்திரையே மெதுவாகத்தான் உறிஞ்சப்படும். அவருடைய வளைகோடு யாரிடமும் இல்லை.

அப்பாவாக எதையும் நிறுத்தவில்லை. இரண்டு சீட்டையும் அட்டைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் படித்துப் பார்த்துத் தலையில் கைவைத்தார். பயோகிளிட்டசோன் போனது. ஒரு வாரம் லாசிக்ஸ் கூட்டிக் கொடுத்தார். நான்கரை கிலோ இறங்கியது. நான்கரை கிலோவும் தண்ணீர்.

அந்த வருடமே வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். தக்கலையில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறேன். அப்பாவுக்காக வந்தேன் என்று சொல்லிக்கொள்வது அழகாகத்தான் இருக்கும். சென்னை வெயிலும் ஒரு காரணம்.

அடுத்தது வியர்வை. ஒருநாள் அதிகாலை அம்மா எழுப்பினாள். "அப்பாக்க சட்டை எல்லாம் நனைஞ்சிருக்கு மக்ளே, என்னான்னு பாரு." மின்விசிறி ஓடுகிறது, வெளியே மழை. தொட்டால் உடம்பு குளிர்ந்திருக்கிறது. கை நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. முந்தின இரவு பசியில்லை என்று அரைக் கிண்ணம் கஞ்சியோடு எழுந்துவிட்டார், கிளிமெபிரைடை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு அட்ரினலினை விட்டு எச்சரிக்கும். கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் இதயத்துக்காக அவர் சாப்பிடும் மெட்டோபிரோலால் பீட்டா தடுப்பு மருந்து, அட்ரினலின் தட்டும் கதவைத்தான் அது சாத்தி வைக்கிறது. நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடும். வியர்வை மட்டும் வேறு நரம்பு வழி வருவதால் தப்பித்து வெளியே வந்து சொல்லும். அம்மா சட்டையைத் தொட்டுப் பார்த்திருக்காவிட்டால் என்று யோசிக்கவே நான் விரும்புவதில்லை. இந்த இரண்டு மருந்தும் ரத்தத்தில் ஒன்றின் அளவை மற்றது மாற்றித்தான் இப்படி ஆயிற்று என்றில்லை.

அவசரத்துக்கு அம்மா கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்தாள், அப்பா தேறினார். ஒரு விஷயம்: சுகருக்கு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குக் கருப்பட்டியும் சீனியும் நேரத்துக்குக் கைகொடுக்காது, ஏனென்றால் குடலில் சீனி உடைவதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். கடையில் வோக்லிபோஸ் வாங்குபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது. அதை இங்கே எழுதமாட்டேன்.

கிளிமெபிரைடையும் டாக்டர் எடுத்துவிட்டு டாபாகிளிஃப்ளோசின் எழுதினார். இந்த மருந்து வந்த வழி எனக்கு எப்போதும் வியப்பு. ரோசிகிளிட்டசோன் மாரடைப்பைக் கூட்டலாம் என்று 2007-ல் ஒரு தொகுப்பாய்வு வந்து பெரிய ரகளை ஆனது. அதனால் 2008-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் புதிதாக வரும் சுகர் மருந்துகள் எல்லாம் இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று காட்ட வேண்டும் என்றது. கம்பெனிகள் முணுமுணுத்தன, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும், செலவு கொஞ்சமா? அப்படிப் பார்த்ததில் 2013-ல் சாக்ஸாகிளிப்டின் என்ற சுகர் மருந்து இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதை 27 சதவீதம் கூட்டியது தெரிந்தது. 2015-ல் டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினின் முடிவு வந்தது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கப் போனவர்கள், ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதம் குறைந்ததைப் பார்த்தார்கள். 2019-ல் டாபாகிளிஃப்ளோசினை நேராக இதயச் செயலிழப்பு உள்ள 4744 பேருக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சுகர் இருந்தவர்களுக்கும் பலன், சுகரே இல்லாதவர்களுக்கும் பலன்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 கிராம் அளவு சர்க்கரையை வடிகட்டி, அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த மருந்து அந்த வாசலை அடைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் விட்டுவிடும், கூடவே உப்பும் நீரும் போகும். 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்த ஒரு கசப்புப் பொருளில்தான் இந்த வம்சம் தொடங்குகிறது. பட்டை சீவிப் பிழைத்த அப்பாவுக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். காப்புரிமை முடிந்து 2020 கடைசியில் விலையும் இறங்கியிருந்ததால் எனக்கும் பிடித்தது.

இந்த மருந்தோடு அவருடைய மற்ற மாத்திரைகளைச் சேர்த்துச் சோதித்த எண்களில் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் இதுவும் நீரை இறக்கும், லாசிக்ஸும் இறக்கும். முதல் வாரம் திண்ணையிலிருந்து எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் லாசிக்ஸைப் பாதியாக்கினார். வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியவில்லை என்றால் டாபாவை நிறுத்திவைத்துவிட்டுத் தன்னைக் கூப்பிடச் சொன்னார். பட்டினியோடு இதைப் போட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறும், சர்க்கரை அளவைப் பார்த்தால்கூடத் தெரியாமல் போகலாம். எனவே பெரிய வெள்ளி உபவாசம் இனிக் கிடையாது என்று வீட்டில் முடிவானது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பங்குச் சாமியாரிடம் போய் நான் பேச வேண்டியதாயிற்று, சாமியார் ஒரே நிமிடத்தில் முடித்துவைத்தார்.

அடுப்படியில் நடக்கும் சண்டைகளை எந்தக் கூடமும் எங்கள் வீட்டு அளவில் சோதிக்கவில்லை. இதயத்துக்காகச் சாப்பிட்ட ராமிபிரிலால் அப்பாவுக்கு வறட்டு இருமல் வந்தது, அந்த வகை மருந்துக்கு அது தெரிந்த பழக்கம். மருந்தால் வந்த இருமல் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தை கோட்டாறிலிருந்து அதிமதுரம் வாங்கிவந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதிமதுரம் உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். நீர் மாத்திரையின் வேலைக்கு நேர் எதிர் ஒன்று, அதன் பக்கவிளைவோடு கூட்டு இன்னொன்று. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "நான் கொடுத்தது மருந்தே இல்லடே, வேரு" என்றாள்.

ராமிபிரிலை மாற்றி சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான் எழுதினார் டாக்டர். நடுவில் 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைக்கலாம். நான் அடுப்படிச் சுவரில் கரியால் மணி எழுதிவைத்தேன். இந்தப் புது மருந்து மெட்ஃபார்மினின் உச்சத்தையும் பரப்பையும் 23 சதவீதம் குறைக்கும் என்று குறிப்பில் இருக்கிறது. 77 என்றால் எங்கள் 80-ஐத் தாண்டி வெளியே. பழைய நான் இதற்கு இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டேன். அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரையில் ஒரு மாற்றமும் இல்லை.

தூக்கத்தைக் கெடுத்தது பொட்டாசியம். அப்பாவின் இன்னொரு மாத்திரையான ஸ்பைரனோலாக்டோனும் இந்த வால்சார்ட்டானும் பொட்டாசியத்தை உள்ளே தேக்கும். எங்கள் வீட்டில் ஆறு தென்னை, தினம் இளநீர். பிளட் பிரஷருக்கு நல்லது என்று யாரோ சொல்லி அம்மா சோடியம் குறைந்த உப்பு வேறு வாங்கியிருந்தாள். அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஒரு மாதத்தில் ரத்தத்தில் பொட்டாசியம் 5.8, அளவுக்கு மேல். டாக்டர் இளநீரையும் அந்த உப்பையும் நிறுத்தி ஸ்பைரனோலாக்டோனைப் பாதியாக்கினார். அப்பாவுக்கு இளநீர் போனதுதான் ரொம்ப வருத்தம். கருவாடு போனபோதுகூட இவ்வளவு பேசவில்லை.

எடை பார்க்கும் யோசனை டாக்டருடையது, நோட்டு அப்பாவுடையது. ரப்பர் பால் கணக்கு எழுதிய நீள நோட்டுகள் பரணில் கிடந்தன. தேதி, மரவரிசை, பால் எடை, ஷீட் எண்ணிக்கை என்று கோடு போட்டது. எழுதாத பக்கங்கள் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டார். காலையில் கக்கூஸ் போய்வந்து, காப்பி குடிக்கும் முன், அதே சாரத்தோடு எடை. பால் எடைக் கட்டத்தில் தன் எடை. ஷீட் கட்டத்தில் இரவு எத்தனை தலையணை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன், அப்படி இரண்டு தடவை நடந்தது. ஒன்று ஓணத்துக்குப் பக்கத்து வீட்டில் சாப்பிட்ட பப்படமும் ஊறுகாயும். இன்னொன்று என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை.

போன வாரம் லேப் சீட்டு வாங்கி வந்தேன். பொட்டாசியம் 4.7, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பழையபடி. அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"மெட்ராஸில அந்தப் பயலுகளுக்க ரத்தம் எடுப்பியே, சும்மாவா தருவானுவ?"

"இல்லப்பா. வர்ற நாளுக்கு கணக்குப் போட்டுக் காசு கொடுப்பாங்க."

நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டி, எச்சில் தொட்டு விரலால் எண்ணினார். "நானூத்திப் பதினாறு நாள் ஆச்சு, கேட்டியா" என்றார். "ரத்தம் எடுத்தது தனிக் கணக்கு."